இரண்டாந்தரம் கேட்காத பியர் ஆலை

வழிகாட்டிப் பெண் கிர்ஸ்டி சின்னச் சின்னக் கிளாசுகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டு வந்து, நித்தியானந்தனுக்கு முன்னால் நின்று, "உங்களுக்கு?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அவர் கையை நெஞ்சுக்கு நேரே விரித்து, தலையை இலேசாக ஆட்டி, "நோ, நோ, தாங்க்யூ" என்றார். "நோ வொரீஸ்" என்று சிரித்துவிட்டு அவள் அடுத்த ஆளிடம் போனாள்.

போனவள் போனவள்தான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நித்தியானந்தன் விரித்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் மெல்லச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

அவருக்கு அந்த பியர் வேண்டும். மிகவும் வேண்டும். ஒன்றரை மணித்தியாலமாக பார்லி முளைப்பதையும், அதை வறுப்பதையும், செப்புக் கிடாரத்தில் காய்ச்சுவதையும், குதிரை வண்டியில் ஏற்றி அந்தக் காலத்து மெல்பேர்ண் முழுக்கக் கொண்டுபோய் இறக்கியதையும் கேட்டு வந்த மனிதர். கல்யாண வீட்டில் தாலி கட்டும் வரை இருந்துவிட்டுப் பந்திக்கு முதல் வீட்டுக்கு அனுப்பப்பட்டது போல இருந்தது அவருக்கு.

பிறகேன் வேண்டாம் என்றார்? அப்படித்தான் சொல்ல வேண்டும், அதனால் சொன்னார். முதல் தரம் சொல்லும் 'வேண்டாம்' வெறுமனே கேள்வி காதில் விழுந்துவிட்டது என்பதற்கு அடையாளம். இரண்டாவது 'வேண்டாம்' மரியாதைக்கு. மூன்றாந்தரம் வீட்டுக்காரர், "சும்மா ஒரு வாய்" என்று கையில் திணிக்கும்போது, "சரி, இவ்வளவு சொல்லுறியள்" என்று பெரிய மனது பண்ணி வாங்க வேண்டும். முதல் கேள்விக்கே கையை நீட்டுகிறவன் காணாததைக் கண்டவன். மூன்று தரம் கேட்காத வீட்டுக்காரன் கஞ்சன். யாழ்ப்பாணத்தில் இதைச் சின்னப் பிள்ளைக்குக்கூடச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

ஆனால் இந்த நாட்டில் யாரும் இரண்டாந்தரம் கேட்பதில்லை. ஒருமுறை தான் வசிக்கும் கிளேட்டனில் ரயில் ஏறியபோது ஒரு பெட்டை எழும்பி இடம் தந்தாள். "நோ, நோ" என்றார். அவள் பேசாமல் திரும்ப உட்கார்ந்துவிட்டாள். இவர் நகர மையம் வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தபால் பிரிக்கும் நிலையத்தில் வேலை செய்த காலத்தில், மேற்பார்வையாளராக விருப்பமா என்று கேட்டார்கள். "எனக்கெதுக்கு, வேறு யாருக்காவது கொடுங்கள்" என்றார். சொன்ன மாதிரியே வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். இளைப்பாறும் வரை அந்த வேறு யாருக்கோ கீழேதான் வேலை. மனைவி இருந்தவரைக்கும் வீட்டிலாவது இந்தச் சிக்கல் இல்லை. அந்த மனுசி கேட்பதே கிடையாது. இவர் வாயைத் திறக்குமுன் தட்டில் புட்டு விழுந்திருக்கும்.

பியர் போனால் போகட்டும். அறையல்லவா போகப் போகிறது!

ஒரே மகன் சுஜீதன் நகருக்கு வடக்கே கிரெய்கிபர்னில் புது வீடு வாங்கியிருந்தான். கீழ்த்தட்டில் ஒரு அறை, கிழக்குப் பார்த்த ஜன்னல், பக்கத்திலேயே குளியலறை. அந்த அறையைக் கண்டவுடனேயே நித்தியானந்தன் தன் கட்டிலை மனதுக்குள் கொண்டுபோய் ஜன்னலோரம் போட்டுவிட்டார். பால் காய்ச்சிய அன்று சுஜீதன் கேட்கவும் கேட்டான்.

"அப்பா, நீங்கள் எங்களோட வந்து இருக்கிறீங்களோ?"

"சீச்சீ, எனக்கென்ன. நான் கிளேட்டனில சுகமாத்தானே இருக்கிறன்."

"ஓகே அப்பா."

கதை முடிந்தது. தனி ஃபிளாட்டில், பகலெல்லாம் தானும் தன் தொலைக்காட்சியுமாக, இரண்டாவது கேள்விக்காக அவர் மாதக்கணக்கில் காத்திருந்தார். போன் அடித்தாலே நெஞ்சு குதிக்கும். "அப்பா, மருந்து எடுத்தாச்சோ?" என்று கேட்பான். மற்றதைக் கேட்க மாட்டான்.

இன்று காலை காரில் வரும்போது இடி விழுந்தது. "அந்தக் கீழ் ரூமை ஜிம் ஆக்கப் போறம் அப்பா. நாளைக்குச் சுவருக்குக் கண்ணாடி பூட்ட ஆள் வருது" என்றான் சுஜீதன், சும்மா வானிலை சொல்லுகிற மாதிரி. "நல்லது தம்பி, உடம்பைப் பாக்கத்தானே வேணும்" என்றார் நித்தியானந்தன். தன் வாயைத் தானே ஒரு அறை அறைய வேண்டும் போல இருந்தது.

ஆக, கண்ணாடி வருமுன் மகன் இன்றைக்கே கேட்க வேண்டும். இந்தப் பழைய பியர் ஆலையைப் பார்க்கும் டிக்கெட் இரண்டும் மருமகள் ராகவிக்கு வேலையிடத்தில் கிடைத்தவை. அவளுக்கு ஆஸ்பத்திரியில் இன்றைக்கு வேலை. "மாமாவைக் கூட்டிக்கொண்டு போங்கோ" என்று சொல்லியிருந்தாள். ஒருநாள் முழுக்கப் பக்கத்தில் இருந்தால் கேட்காமலா விடுவான் என்ற நம்பிக்கையில்தான் நித்தியானந்தன் சலவைச் சட்டை போட்டு வந்திருந்தார்.

ஆனால் கிடாரத்தடியிலும் கேட்கவில்லை. குதிரை வண்டிக்குப் பக்கத்திலும் கேட்கவில்லை. இதோ சுற்று முடிந்துவிட்டது, பியர் பரிமாறியாகிவிட்டது, மகன் கார்ச் சாவியை எடுக்கிறான்.

"தம்பி," என்றார் அவசரமாக, "இதை இன்னொருக்காப் பாப்பமே?"

"திருப்பியோ? இப்பத்தானே பாத்தனாங்கள்!"

"அந்தப் பார்லி விசயம் வடிவா விளங்கேல்லை."

டிக்கெட் நாள் முழுவதும் செல்லுபடியாகும். சுஜீதனுக்கும் வேலையிடத்திலிருந்து போன் மேல் போன் வந்துகொண்டிருந்தது. ஏதோ கணினிக் கோளாறு. "சரி, நீங்கள் பாத்துப்போட்டு வாங்கோ. நான் கஃபேயில இருந்து வேலையை முடிக்கிறன்" என்று மடிக்கணினியைத் திறந்தான். இரண்டாம் சுற்றுக்கு நித்தியானந்தன் தனியாகப் போனார்.

இந்த முறை அவரிடம் ஒரு திட்டம் இருந்தது. பியரையாவது கேட்ட மாத்திரத்தில் வாங்கிப் பழக வேண்டும். அது கைவந்துவிட்டால் மகன் கேட்கும்போதும் வாய் சரியாக வேலை செய்யும். பார்லி அறையிலிருந்து பீப்பாய் அறை வரை "யெஸ் பிளீஸ், யெஸ் பிளீஸ்" என்று பஞ்சாட்சரம் போல முணுமுணுத்துக்கொண்டே நடந்தார். ஹொப்ஸ் என்ற கசப்புப் பூவைப் பற்றிக் கிர்ஸ்டி சொன்ன நேரத்தில் சற்று உரக்கவே சொல்லிவிட்டார். முன்னால் நின்ற ஒரு சோடி திரும்பிப் பார்த்தது.

கடைசியில் தட்டு வந்தது. "யெ—" என்று அவர் தொடங்கினார்.

"கவலை வேண்டாம், நினைவிருக்கிறது! நீங்கள் குடிப்பதில்லை" என்று கிர்ஸ்டி கண்ணைச் சிமிட்டி, பியர்க் கிளாசுகளுக்கு நடுவே தனியாக வைத்திருந்த லெமனேடை எடுத்து நீட்டினாள். "உங்களுக்காகவே கொண்டு வந்தேன். எடுக்கிறீர்களா?"

"நோ, நோ, தாங்க்யூ" என்றது அவருடைய வாய்.

அந்த வாயை என்ன செய்வது? அவர் பிறந்த நாளிலிருந்து அது தன் பாட்டில் இயங்கிவருகிறது. கிர்ஸ்டி லெமனேடையும் கொண்டு போய்விட்டாள்.

மகனின் வேலை இன்னும் முடியவில்லை; அவரும் விடுவதாக இல்லை. மூன்றாம் சுற்றில் அவரைக் கண்டதும் கிர்ஸ்டியின் முகம் வெளுத்துப் போயிற்று. அவள் ஓடிப்போய் யாருக்கோ போன் பண்ணினாள். விசயம் இதுதான்: ஒரு வயதான மனிதர், இஸ்திரி போட்ட சட்டை, ஒரே நாளில் மூன்றாந்தரம் வருகிறார்; எதையும் குடிக்கவில்லை; எல்லாவற்றையும் உற்றுப் பார்க்கிறார்; இடையிடையே தனக்குள் ஏதோ சொல்லிக்கொள்கிறார். இப்படி ஒரு ஆள் வேறு யாராக இருக்க முடியும்? தலைமை அலுவலகம் யாரென்று சொல்லாமல் அனுப்பும் பரிசோதகர்!

மேலாளர் டேமியன் கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு வந்து சேர்ந்தார். நித்தியானந்தனுக்கு மட்டும் ஒரு கதிரை போடப்பட்டது. சுற்று அவருடைய நடைக்கேற்ப மெதுவாக்கப்பட்டது. அவர் தும்மியபோது பார்லி அறையின் தூசியைத் துடைக்க இரண்டு பேர் ஓடினார்கள். ஆலைக்குள்ளேயே இருந்த சின்ன அருங்காட்சியகத்தில் பழைய தொழிலாளி ஒருவரின் மெழுகுச் சிலை நின்றது. நித்தியானந்தன், இந்த மனிதனாவது ஒரு மிடறு குடித்திருப்பானே என்ற பொறாமையில் அதைக் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தார். டேமியன் உடனே சிலையின் தொப்பியைக் கழற்றி, தட்டி, நேராக வைத்தார்.

பரிமாறும் கூடத்துக்குள் நுழையுமுன் டேமியன் அவரை ஓரமாக அழைத்துப்போனார்.

"ஐயா, நாங்கள் திருத்திக்கொள்ள வேண்டியது ஏதாவது உண்டா?"

"நோ, நோ. எல்லாம் நல்லம்" என்றார் நித்தியானந்தன்.

டேமியனுக்கு வியர்த்தது. "உண்மையாகவே ஒன்றுமில்லையா?"

நித்தியானந்தன் நிமிர்ந்து பார்த்தார். காதில் விழுந்தது சரிதானா? இரண்டாந்தரம்! "இல்லை, இல்லை" என்றார்.

"தயவுசெய்து, ஐயா. ஒன்றே ஒன்று. உங்கள் வாயால் கேட்க ஆசைப்படுகிறோம்."

மூன்றாந்தரம்! அவுஸ்திரேலிய மண்ணில், இத்தனை வருடத்தில், முதன்முறையாக! நித்தியானந்தனுக்கு உடம்பு சிலிர்த்துக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. இந்த வெள்ளைக்காரனைப் போல ஒரு நல்ல மனிதன் உண்டா என்று நினைத்தார். இப்படிக் கேட்கிறவனுக்குப் பொய் சொல்லலாமா? மனதில் கிடந்ததைச் சொல்லிவிட்டார்.

"நீங்கள் ஒருதரம்தான் கேட்கிறீர்கள். அதுதான் குறை. ஒரு மனிதனை மூன்று தரம் கேட்க வேண்டும். ஒருதரம் கேட்பது கேட்பதே அல்ல."

டேமியன் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். பத்து நிமிடத்துக்குள் கூடத்தில் சட்டம் மாறிவிட்டது. மதுவைக் குடிக்கச் சொல்லி வற்புறுத்தினால் உரிமத்துக்கு வில்லங்கம் வருமே என்று கிர்ஸ்டி பயந்தாள். "இது வற்புறுத்தல் இல்லை, உறுதிப்படுத்தல்" என்று டேமியன் அடித்துச் சொன்னார்.

அதன் பிறகு நடந்த கூத்தைச் சொல்லி மாளாது. பரிமாறுகிறவர்கள் எல்லாரையும் மும்முறை கேட்கத் தொடங்கினார்கள். கார் ஓட்ட வேண்டும் என்று முதல் தரம் சொன்ன தடித்த மனிதர், இரண்டாந்தரம் கேட்டபோது குழம்பி, மூன்றாந்தரம் கேட்டபோது "நான் யாருக்கும் எந்தக் கெடுதலும் செய்யவில்லையே" என்று முறையிட்டார். சைக்கிளில் வந்த ஒரு கூட்டம், கமெராவை ஒளித்து வைத்துத் தங்களைப் படம் பிடிக்கிறார்கள் என்று நினைத்துக் கூரை மூலைகளைப் பார்த்துச் சிரித்தது. வேண்டும் என்று முதலிலேயே சொன்னவர்களையும் விடவில்லை, "உறுதியாகவா? உண்மையாகவேயா?" என்று கேட்கக் கேட்க அவர்களுக்கே சந்தேகம் வந்து கிளாசைத் திருப்பி வைத்தார்கள். ஒரு மூதாட்டி மட்டும் மூன்றாந்தரக் கேள்வியில் கண்கலங்கிப் பக்கத்திலிருந்த கணவரைச் சுட்டிக்காட்டினார். "என்னைக் கல்யாணம் செய்துகொள்ளவே இவர் ஒரு தரம்தான் கேட்டார்!" அந்தக் கணவர் எழுந்து நின்று, என்ன கேட்பதென்று தெரியாமல், திரும்ப உட்கார்ந்தார்.

இந்த அமளிக்கு நடுவே கிர்ஸ்டி தட்டோடு நித்தியானந்தனின் கதிரைக்கு வந்தாள். பின்னால் டேமியன் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். கூடம் மெல்ல அடங்கி எல்லாரும் அவரையே பார்த்தார்கள்.

"உங்களுக்கு?"

"நோ, நோ, தாங்க்யூ." எவ்வளவு சந்தோசமாகச் சொன்னார்!

"உறுதியாகவா, ஐயா?"

"அச்சச்சோ, எனக்கெதுக்கு" என்றார் தமிழிலேயே, கையை விரித்து, முகமெல்லாம் சிரிப்பாக. வலது கை விரல்கள் ஏற்கெனவே கிளாசைப் பிடிக்கும் வாக்கில் வளைந்துவிட்டன.

கிர்ஸ்டி மூன்றாந்தரம் வாயைத் திறந்தாள்.

"எக்ஸ்கியூஸ் மீ!" என்றது பின்னாலிருந்து ஒரு ஆண்குரல்.

கஃபேயிலிருந்து சத்தம் கேட்டு வந்த சுஜீதன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்து, அப்பாவுக்கும் தட்டுக்கும் நடுவில் நின்றான். அப்பாவை யாரோ கரைச்சல்படுத்துகிறார்கள் என்று அவனுக்கு இரத்தம் கொதித்திருந்தது.

"இவர் என் அப்பா. இரண்டு தரம் வேண்டாம் என்று சொன்னது என் காதில் விழுந்தது. பிறகேன் கேட்கிறீர்கள்? வயதான மனிதர், வேறு ஊர்க்காரர் என்றால் அவருடைய 'வேண்டாம்' உங்களுக்கு 'வேண்டாம்' இல்லையா?" ஆங்கிலத்தில் அவன் பொரிந்து தள்ளினான். "என் அப்பா மனதில் இல்லாததை வாயால் சொல்லும் மனிதர் இல்லை. பிறந்ததிலிருந்து நான் இவரை இரண்டாந்தரம் கேட்டதில்லை. இவர் சொன்னால் சொன்னதுதான். அந்த மரியாதையை நீங்களும் கொடுங்கள்!"

யாரோ கை தட்டினார்கள். டேமியன் தலையைக் குனிந்தார். கிர்ஸ்டி தட்டைப் பின்னுக்கு இழுத்தாள்.

நித்தியானந்தன் மகனின் முதுகைப் பார்த்தபடி இருந்தார். இந்தப் பிள்ளை அலட்சியத்தால் கேட்காமல் விடவில்லை; அப்பாவின் சொல்லைச் சத்தியமென்று எடுத்துக்கொண்டுதான் கேட்காமல் இருந்திருக்கிறான். அவருக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. ஒரு பொய்யனை இப்படி நம்பியிருக்கிறானே! தட்டு வேறு பின்னால் போய்க்கொண்டிருந்தது.

"எனக்கு வேணும்" என்றார்.

சுஜீதன் திரும்பினான். "என்ன அப்பா?"

"எனக்கு வேணும், தம்பி. காலமையில இருந்து வேணும்." எழுந்துபோய்க் கிர்ஸ்டியின் தட்டிலிருந்து ஒரு கிளாசைத் தானே எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். படுகசப்பு. வயிற்றுக்குத் தரும் கசாயத்தை ஐஸில் வைத்தது மாதிரி. ஆனாலும் நின்றுவிடவில்லை, வாய் திறந்திருக்கும்போதே மற்றதையும் சொல்லிவிட வேண்டும் என்ற பயம் அவருக்கு.

"அந்த அறையும் வேணும்."

"எந்த அறை?"

"கிழக்கு ஜன்னல் அறை. கண்ணாடி பூட்டாதை. நான் உங்களோட வந்து இருக்கப் போறன்."

சுஜீதன் அப்பாவின் கையிலிருந்த வெறும் கிளாசை வாங்கிக்கொண்டான். பிறகு, "நீங்கள்தானே வேண்டாம் எண்டனீங்கள்?" என்றான், சின்னப் பிள்ளை மாதிரி.

"அது முதல் தரமடா! முதல் தரம் ஓம் எண்டு சொல்லுவினமே? நீ ஏன் இன்னொருக்காக் கேக்கேல்லை?"

மகனின் முகம் கோணிக்கொண்டு போயிற்று. "நீங்கள் வேண்டாம் எண்டவுடன, உங்களுக்கு எங்களோட இருக்க விருப்பமில்லை எண்டு நினைச்சன். கராஜுக்குள்ள போய்க் காருக்க இருந்து அழுதனான் அப்பா. திருப்பிக் கேட்டு, திருப்பியும் வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டீங்கள் எண்டால்? பயமா இருந்தது."

நித்தியானந்தன் எட்டி மகனின் தோளைப் பிடித்துக்கொண்டார். என்ன மொழியில் என்ன நடக்கிறதென்று விளங்காத டேமியன், பரிசோதனையில் தேறிவிட்டோமா இல்லையா என்று கிர்ஸ்டியைப் பார்த்தார். அவளோ அழுதுகொண்டிருந்தாள். அவளுக்கும் ஒன்றும் விளங்கவில்லை.

சுஜீதன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு போனை எடுத்தான். "ராகவி, அந்தக் கண்ணாடிக்காரரை நாளைக்கு வரவேண்டாம் எண்டு சொல்லும்... இல்லை, ஜிம் இல்லை. அப்பா வந்து எங்களோட இருக்கப் போறாராம்."

மறுமுனையில் அவள் பெரிதாக ஏதோ சொல்லிச் சிரிப்பது கூடத்துக்கே கேட்டது. பிறகு ஒரு கேள்வி.

சுஜீதன் போனைக் காதிலிருந்து எடுத்து அப்பாவின் பக்கம் திரும்பினான். "அப்பா, ராகவி கேக்கிறா, எப்ப—"

"இண்டைக்கு" என்றார் நித்தியானந்தன்.